பார்க்காமல் எழுதிய டேமேஜ்

என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். வினை அங்கேதான் தொடங்கியது. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருவில் யாருக்கு மனு எழுத வேண்டுமென்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். முதியோர் பென்ஷன், தெருக்குழாய், ரேஷன் கார்டில் மருமகள் பெயரைச் சேர்ப்பது, எல்லாம் எழுதியிருக்கிறேன். 1988இல் எழுதிய ஒரு மனு மட்டும் வேறு மாதிரி. ஒரு சினிமாவைத் தடை செய்யச் சொல்லும் மனு அது. அந்தப் படத்தை நான் பார்த்திருக்கவில்லை. கீழே கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவர்கூடப் பார்த்திருக்கவில்லை.

படம் 'ஒரே ஒரு கிராமத்திலே'. கே. ஜோதிபாண்டியன் இயக்கியது. கதையும் வசனமும் கவிஞர் வாலி, இசை இளையராஜா, கதாநாயகி லட்சுமி. தயாரித்த எஸ். ரங்கராஜனின் பெயர் அப்போது யாருக்கும் தெரியாது. பிறகு சட்டக் கல்லூரியில் படிக்கும் பிள்ளைகளெல்லாம் உருப்போடும் பெயராகிவிட்டது. பெரிய கம்பெனிப் படமில்லை, சண்டையில்லை, வசூல் நட்சத்திரமில்லை. கதை மட்டும் கொட்டகைக்கு வருவதற்கு முன்பே பத்திரிகை வழியாக ஊர் ஊராக வந்து சேர்ந்துவிட்டது. பிராமண வீட்டுப் பெண் காயத்ரி, தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்தவள் என்று பொய்ச் சான்றிதழ் வாங்கி, கருப்பாயி என்ற பெயரில் படித்து அதிகாரியாகிறாள். ஒரு கிராமத்துக்கு நல்லது செய்கிறாள். பிறகு குட்டு வெளிப்பட்டு நீதிமன்றத்தில் நிற்கிறாள். சாதியைப் பார்த்து ஒதுக்கீடு கொடுக்காதே, வறுமையைப் பார்த்துக் கொடு என்பது படத்தின் வாதம்.

இதைப் பத்திரிகையில் படித்தபோது எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எரிந்ததற்குக் காரணம் இருந்தது. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். எட்டு வயதில் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கரைப் பக்கத்து நாடாவைத் தள்ளிக் கொடுப்பேன். கோர்வைச் சேலைக்கு உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறம். அப்பா ஒருவரால் இரண்டையும் ஓட்ட முடியாது, கூட ஓர் ஆள் வேண்டும். சம்பளமில்லாத ஆள் என்றால் வீட்டுப் பிள்ளைதான். அந்தத் தறிப் பள்ளத்திலிருந்து நான் எழுந்து வந்தது தாசில்தார் ஆபீசில் வாங்கிய ஒரு காகிதத்தைப் பிடித்துக்கொண்டு. செங்குந்தர், பிற்படுத்தப்பட்ட வகுப்பு, கோபுர முத்திரை. அந்தக் காகிதத்தைப் பொய்யாக வாங்கிய ஒருத்தியைக் கதாநாயகியாக்கி ஒரு படமா?

பொருளாதார அடிப்படை என்ற பேச்சும் எங்களுக்குப் புதிதில்லை. 1979இல் எம்.ஜி.ஆர். ஆட்சி, ஆண்டுக்கு ஒன்பதாயிரம் ரூபாய்க்கு மேல் வருமானமுள்ள பிற்படுத்தப்பட்ட குடும்பத்துக்குச் சலுகை இல்லை என்று உத்தரவு போட்டது. 1980 ஜனவரியில் நாடாளுமன்றத் தேர்தல். முப்பத்தொன்பது தொகுதியில் அவர் கட்சிக்குக் கிடைத்தது இரண்டு. அதே ஆண்டு உத்தரவைத் திரும்பப் பெற்று, 31 சதவீதமாக இருந்த ஒதுக்கீட்டை 50 ஆக்கினார். எங்கள் தெருவில் ஒன்பதாயிரம் சம்பாதித்தவர்கள் யாரும் இருந்ததாக நினைவில்லை. என்றாலும் அந்த உத்தரவைத் தெருவே தன்மேல் விழுந்த அடியாகத்தான் எடுத்துக்கொண்டது. படம் அந்தப் பழைய புண்ணில் கை வைத்தது.

தணிக்கைக்காரர்களுக்கும் அது தொண்டையில் மாட்டிய முள்தான். முதலில் பார்த்த குழு சான்றிதழ் தர முடியாது என்று ஏகமனதாகச் சொல்லிவிட்டது. தயாரிப்பாளர் விடவில்லை, மறுஆய்வுக்குப் போனார். ஒன்பது பேர் பார்த்தார்கள், எட்டுப் பேர் சரி என்றார்கள், ஒருவர் கூடாது என்றார். அந்த ஒருவருக்காக இரண்டாவது மறுஆய்வுக் குழு. அங்கே ஐந்துக்கு நான்கு. ஒரே ஒரு தலை வித்தியாசத்தில், 1987 டிசம்பர் 7ஆம் தேதி, 'யு' சான்றிதழ் கிடைத்தது. இந்த எண்ணிக்கையெல்லாம் பிற்பாடு தீர்ப்பைப் படித்துத் தெரிந்துகொண்டது. அப்போது எங்கள் காதில் விழுந்ததெல்லாம், டெல்லியில் யாரையோ பிடித்துச் சரிக்கட்டிவிட்டார்கள் என்பதுதான்.

சான்றிதழை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போயிருந்தார்கள். நாங்களும் சும்மா இருக்கக் கூடாது என்று தெருமுனைப் படிப்பகத்தில் ஒரு மாலை பேச்சு வந்தது. எம்.ஜி.ஆர். இறந்து, சட்டசபை கலைந்து, குடியரசுத் தலைவர் ஆட்சி நடந்துகொண்டிருந்த காலம். ஆகவே மனு, மேதகு ஆளுநர் பி.சி. அலெக்சாண்டர் அவர்களுக்கு. நான் நான்கு பத்தி எழுதினேன். "இப்படம் சாதி மோதலைத் தூண்டும்" என்று ஒரு வரி. "வெளியானால் சட்டம் ஒழுங்கு கெடும்" என்று இன்னொரு வரி. யாரால் கெடும் என்று எழுதவில்லை. எங்களால்தான்.

மேஜைக்கு மேலே அண்ணா படம் மாட்டியிருந்தது. காஞ்சிபுரத்துப் படிப்பகத்தில் வேறு யார் படம் இருக்கும்? இந்த ஊரில் 1909இல் பிறந்து, நகராட்சி ஆபீசில் கொஞ்ச காலம் குமாஸ்தாவாக இருந்து, இங்கிருந்தே 'திராவிட நாடு' பத்திரிகை நடத்தியவர். அவர் எழுதிய 'ஆரிய மாயை' எங்கள் அலமாரியில் அட்டை கிழிந்து நின்றது. அந்த நூலுக்காக 1950இல் அவரை உள்ளே தள்ளினார்கள். 1952இல் 'பராசக்தி' வந்தபோது தடை செய் தடை செய் என்று கூச்சல் போட்டவர்களைப் பற்றிச் சொல்லிச் சொல்லிச் சிரித்த பெரியவர்கள்தான் என்னைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். அவர்களே எனக்கு வார்த்தை எடுத்துக் கொடுத்தார்கள். அலமாரியையும் மனுவையும் சேர்த்துப் பார்க்க அன்று எனக்குத் தோன்றவில்லை. பத்தொன்பது வயது. கோபம் நியாயமாக இருந்தால் போதும், அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம் என்று நினைக்கிற வயது.

கையெழுத்து வாங்க வீடு வீடாகப் போனேன். வீடென்றால் தறிக்கூடம்தான். பள்ளத்திலிருந்து எழுந்திருக்காமலே, காலை மிதியிலிருந்து எடுக்காமலே, வலது கையை மட்டும் நீட்டிப் போட்டுக் கொடுத்தார்கள். என்ன ஏது என்று கேட்டவர்கள் குறைவு. நம்ம பிள்ளை எழுதியிருக்கான், நம்ம நல்லதுக்குத்தான் இருக்கும்.

கடைசியாக என் வீடு. அப்பா சேலைக்கு முந்தி சேர்க்கும் வேலையில் இருந்தார். பெட்னி போடுவது என்போம். உடலின் பாவு இழைகளோடு முந்தி நிறத்து இழைகளை ஒவ்வொன்றாக வைத்து, விரலில் சாம்பல் தொட்டு, முறுக்கி இணைக்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழை. அந்த நேரத்தில் யாரும் அவரோடு பேசக் கூடாது. நான் பேசினேன்.

"இன்னாடா அது?"

சொன்னேன். நிமிரவில்லை.

"நீ பாத்தியா?"

"பாக்கவே வேணாம்ப்பா. கதை பேப்பர்லயே வந்திடுச்சி."

"பாக்காமலே டேமேஜ் எழுதுறவன் சொசைட்டியிலகூட கெடையாதுடா" என்றார்.

இதை வெளியூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். அப்பா சொசைட்டி நெசவாளி, நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்துக்கு நெய்பவர். நெய்து முடித்த சேலையை மஞ்சள் பையில் மடித்து எடுத்துப்போவார். மேஜைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் விரித்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, உள்பக்கம் திருப்பி, கோர்வையில் விரலை ஓட்டிப் பார்ப்பார். இழை அறுந்த இடம், எண்ணெய்க் கறை, கரை இழுத்துக்கொண்டு நிற்கிற இடம், எல்லாம் டேமேஜ். எழுதிய அளவுக்குக் கூலியில் பிடித்தம். அந்த மேஜையை அப்பா வாழ்நாளெல்லாம் வெறுத்தார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அந்த ஆளைத் திட்டாத நாளில்லை. அப்படிப்பட்டவர் அந்த ஆளை எனக்கு மேலே தூக்கி வைத்துவிட்டார். கையெழுத்தும் போடவில்லை. நாங்கள் இரண்டு நாள் பேசிக்கொள்ளவில்லை.

உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு சான்றிதழை ரத்து செய்தபோது படிப்பகத்தில் ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தோம். எங்கள் மனுவுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமுமில்லை. ஆளுநர் மாளிகையிலிருந்து ரசீதுகூட வரவில்லை. ஆனாலும் ஜெயித்த மாதிரி இருந்தது. தயாரிப்பாளர் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 1989 மார்ச் 30. நீதிபதிகள் கே. ஜகந்நாத ஷெட்டி, ஏ.எம். அகமதி, குல்தீப் சிங். படம் வெளியாகலாம் என்று தீர்ப்பு. மத்திய அரசின் தேசிய விருது வேறு அதற்குக் கிடைத்திருந்தது.

அந்தத் தீர்ப்பை நான் முழுசாகப் படித்தது பல ஆண்டுகள் கழித்து. படிக்கும்போது காது சுட்டது. தமிழக அரசு அங்கே வைத்த வாதம் என் மனுவின் மூன்றாவது பத்தி: படம் ஓடினால் கலவரம் வரும், சட்டம் ஒழுங்கு கெடும். நீதிபதிகள் அதை ஏற்கவில்லை. ஆர்ப்பாட்டம் செய்வோம், ஊர்வலம் போவோம் என்று மிரட்டுகிறவர்களுக்காகப் பேச்சுரிமையை அடக்க முடியாது. அப்படி அடக்கினால் சட்டத்தின் ஆட்சி மிரட்டலுக்குப் பணிந்ததாகிவிடும். கொட்டகைக்குப் பாதுகாப்புக் கொடுப்பது அரசின் வேலை, கொடுக்க முடியவில்லை என்று சொல்வது சாக்கு. ஒரு பேச்சைத் தடுக்க வேண்டுமானால் ஆபத்து கண்ணெதிரே இருக்க வேண்டும், வெடிமருந்துப் பீப்பாயில் தீப்பொறி விழுவது போல. எங்கோ எப்போதோ யாருக்கோ கோபம் வரலாம் என்பது போதாது. சாரம் இவ்வளவுதான். அரசின் கொள்கையை விமர்சிப்பதும், ஒதுக்கீட்டையே விமர்சிப்பதும், குற்றமில்லை.

தணிக்கை பற்றி உச்ச நீதிமன்றம் இதற்கு முன்னாலும் பேசியிருந்தது, 1970இல் இயக்குநர் கே.ஏ. அப்பாஸ் வழக்கில். நான்கு நகரங்களைப் பற்றிய அவருடைய சின்ன ஆவணப்படத்தில் பம்பாயின் சிவப்பு விளக்குப் பகுதி வந்ததால் தகராறு. சினிமா மற்ற கலைகளைப் போலன்று, மனசை உடனே பிடித்துக்கொள்ளும், ஆகவே முன்கூட்டித் தணிக்கை செய்வது சரிதான் என்று தலைமை நீதிபதி ஹிதாயதுல்லா சொன்னார். தணிக்கைக்கு மேல் முறையிட ஒரு தீர்ப்பாயம் வேண்டும் என்ற பேச்சும் அங்கிருந்துதான் வலுத்தது. 1983இல் அது வந்தது. இதைப் பற்றிப் பிறகு.

படத்தை ஒருவழியாகப் பார்த்தது ஓர் அமாவாசை ராத்திரி. அமாவாசையில் எங்கள் ஊரில் தறி ஓடாது. அன்று கொட்டகையில் கூட்டம் நெரியும், போகாதவர்கள் கலர் டிவியும் டெக்கும் வாடகைக்கு எடுப்பார்கள். அந்த ராத்திரிக் கேசட்டுகளில் மூன்றாவதாக இது இருந்தது. முதல் இரண்டு ரஜினி படம். என்னோடு கல்லூரியில் படித்த நண்பன் ஒருவன் வந்திருந்தான். பாலாற்றுக்கு அந்தப் பக்கம் காலனியில் வீடு, தினமும் சைக்கிளில் வருவான். மனுவில் முதல் கையெழுத்து அவனுடையது. எனக்காவது பிற்பட்ட வகுப்பு. இந்தப் படத்தில் திருடப்பட்ட சான்றிதழ் அவனுடைய சான்றிதழ்.

இரண்டு படம் முடிந்து, மணி ஒன்று தாண்டி, முக்கால்வாசிப் பேர் பாயில் சாய்ந்த பிறகு போட்டோம். படம் நன்றாக இல்லை. லட்சுமி அருமையாக நடித்திருந்தார். பூர்ணம் விஸ்வநாதன் வழக்கம்போல் பூர்ணம் விஸ்வநாதன். ஆனால் எல்லாவற்றையும் வசனம் பேசியே தீர்க்கிற படம், நீதிமன்றக் கூண்டில் ஏற்றிவிட்டால் பாத்திரத்துக்கு மைக் கிடைத்த மாதிரி. (அந்த வியாதியைத் தமிழ் சினிமாவுக்கு ஒட்டவைத்ததில் எங்கள் ஊர்க்காரருக்கும் பங்கு உண்டு என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.) நான் எரிச்சலோடு நெளிந்தேன். இதற்கா இவ்வளவு என்றும் இருந்தது, சில இடங்களில் பழைய எரிச்சல் அப்படியே திரும்பவும் வந்தது. கலவரம் எதுவும் நடக்கவில்லை. குறட்டைச் சத்தம்தான்.

நண்பன் கடைசிவரை அசையாமல் பார்த்தான். முடிந்ததும் சொன்னான்: "கருப்பாயின்னு பேரு வெச்சாங்களே, அந்தப் படத்துல கருப்பாயி ஒருத்தியாவது வர்றாளா பாத்தியா? அந்தப் பேரைப் போட்டுக்கினவளுக்கு வேலை கெடைக்குது, மரியாதை கெடைக்குது. நெசமாவே அந்தப் பேரோட பொறந்தவளுக்கு என்னா கெடைச்சிருக்கும்? அதைக் காட்டலியே. பேரு மட்டும் போதும், ஆளு வேணாம்னு எடுத்திருக்கான்."

இந்தப் படத்தைப் பற்றி இதைவிடக் கூர்மையான விமர்சனத்தை நான் இன்றுவரை எங்கும் படித்ததில்லை. அன்று அவன் பேசியதில் ஒரு வார்த்தைகூட என் மனுவில் இல்லை. இருந்திருக்கவும் முடியாது. இழிவு, மோதல், ஒழுங்கு என்று எந்தப் படத்துக்கும் பொருந்துகிற வார்த்தைகளைத்தான் நான் எழுதியிருந்தேன். படத்தின் உண்மையான டேமேஜ் எந்த இழையில் இருக்கிறது என்று அவன்தான் விரல் வைத்தான். அதற்கு அவன் அதை விரித்துப் பார்க்க வேண்டியிருந்தது.

அவனுக்கு நான் ஒரு நியாயமும் செய்ய வேண்டும். மனுவில் கையெழுத்துப் போட்டதற்கு அவன் வருத்தப்பட்டதேயில்லை. "எங்களைப் பத்தி எவனும் எதையும் எடுக்கலாம், நாங்க மட்டும் ஐகோர்ட்டு வரைக்கும் போவக் கூடாதா" என்று இன்றைக்கும் கேட்கிறான். படம் எடுக்கக் காசு உள்ளவனுக்கு ஒரு சுதந்திரம், மனு எழுதக் காகிதம் மட்டும் உள்ளவனுக்கு இன்னொன்று என்கிறான். இதற்கு என்னிடம் பதில் கிடையாது. மனு எழுதியது தப்பில்லை, எழுதியதில் "தடை" என்ற சொல் இருந்ததுதான் தப்பு என்று நான் இழுப்பேன். சிரித்துவிட்டு டீ சொல்லுவான்.

இருபத்திரண்டு வருஷம் கழித்து மேஜைக்கு இந்தப் பக்கம் நான் நின்றேன். நாலைந்து பேர் சேர்ந்து மாதம் ஒரு படம் திரையிட்டுக்கொண்டிருந்தோம். ஒரு புரொஜக்டர், ஒரு வெள்ளைத் துணி, முப்பது நாற்காலி. 2011இல் லீனா மணிமேகலையின் 'செங்கடல்' பற்றிய செய்தி வந்தது. தனுஷ்கோடியில் எடுத்த படம். மீனவர்களும் இலங்கையிலிருந்து வந்த அகதிகளும் நடித்தது, ஷோபாசக்தி சேர்ந்து எழுதி நடித்தது. கடலுக்குப் போனவன் பிணமாகத் திரும்புகிற கரையில் ஒரு பெண் காமிராவோடு அலைகிறாள். சென்னைத் தணிக்கை வாரியம் சான்றிதழ் மறுத்தது. இந்திய, இலங்கை அரசுகளைத் தாழ்த்திப் பேசுகிறது என்பதும், கரையோர மக்கள் பேசுகிற பேச்சு அவைக்கு ஆகாத பேச்சு என்பதும் காரணம். சுட்டவனை வைகிறபோது மீனவன் செந்தமிழிலா வைவான்? இயக்குநர் டெல்லியில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போனார். அப்பாஸ் வழக்கின் மிச்சமாக வந்ததென்று சொன்னேனே, அதேதான். ஒரு வெட்டும் இல்லாமல் 'ஏ' சான்றிதழோடு படம் வெளியே வந்தது. கோவா திரைப்பட விழாவின் இந்தியன் பனோரமாவுக்கும் போனது.

அதை இங்கே திரையிடலாம் என்று, வழக்கமாக எங்களுக்கு இடம் கொடுக்கிற மண்டபத்துக்காரரிடம் போனேன். நல்ல மனுஷர், வாடகைகூடப் பாதிதான் வாங்குவார். பெயரைச் சொன்னதும் கணக்குப் புத்தகத்தை மூடினார்.

"அது பிரச்சினைப் படமாச்சே சார்."

"சென்சார் ஆயிடுச்சுங்க. ஒரு வெட்டுகூட இல்ல."

"ஆனா இன்னா சார். போலீசு வரும், பத்து பேரு வந்து சத்தம் போடுவான். கல்யாணத்துக்கு மண்டபம் குடுக்கிறவன் நான்."

"நீங்க படம் பாத்தீங்களா?"

அவர் என்னைப் பார்த்த பார்வையில் துளிக் குற்ற உணர்ச்சி இல்லை. "பாக்கணுமா சார்?" என்றார்.

வாயைத் திறந்தேன். தீர்ப்பு, பீப்பாய், தீப்பொறி, அரசின் கடமை, எல்லாம் நாக்கு நுனியில் இருந்தது. ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டேன். அந்த மாதம் வேறு படம் போட்டோம். 'செங்கடல்' பார்க்க நான் பஸ் ஏறிச் சென்னைக்குத்தான் போக வேண்டியிருந்தது.

2013 ஜனவரியில் 'விஸ்வரூப'த்துக்கு மாவட்டம் மாவட்டமாக 144 தடையுத்தரவு போட்டபோது எங்கள் கொட்டகையிலும் போஸ்டர் ஒட்டி, படம் ஓடாமல் கிடந்தது. சான்றிதழ் இருந்தது, 1989 தீர்ப்பும் இருந்தது. கடைசியில் பேச்சுவார்த்தை நடத்தி, சில இடங்களைக் கழித்துவிட்டுத்தான் பிப்ரவரியில் வெளியிட்டார்கள். 'செங்கட'லைக் காப்பாற்றிய தீர்ப்பாயத்தை 2021 ஏப்ரலில் ஓர் அவசரச் சட்டம் கலைத்துவிட்டது. இனி வாரியம் மறுத்தால் நேரே உயர் நீதிமன்றம். பெரிய தயாரிப்பாளர் போவார். கடன் வாங்கி ஒரே ஒரு படம் எடுத்தவன் வக்கீல் பீஸுக்கு எங்கே போவான் என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. கோபி நயினாரின் 'மனுசி'க்குச் சான்றிதழ் மறுத்த வழக்கில், 2025இல் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் படத்தைத் தானே போட்டுப் பார்த்தார் என்று பேப்பரில் படித்தபோது அப்பா ஞாபகம் வந்தது. அப்பா போய்ப் பதினான்கு வருஷம் ஆகிறது. தறியைப் பிரித்து விற்றாயிற்று, பள்ளத்தை மண் போட்டு மூடி மேலே டைல்ஸ் ஒட்டியிருக்கிறோம்.

சென்ற பொங்கலுக்கு வீட்டை ஒழித்தபோது ரெக்சின் பையில் மனுவின் கார்பன் நகல் கிடைத்தது. என் சாதிச் சான்றிதழோடு சேர்த்து மடித்து வைத்திருந்தேன். நீலம் வெளுத்துப்போனாலும் எழுத்து இன்னும் அழகாகத்தான் இருக்கிறது. தனித்தாளில் வாங்கிய கையெழுத்துகளில் ஒரு தாள் மட்டும் எப்படியோ அனுப்பாமல் தங்கிவிட்டது. அதில் முதல் வரியில் நண்பன். நடுவில் மை பரவிய ஒரு கட்டைவிரல் ரேகை. எதிர் வீட்டு ஆயாவுடையது. தார் சுற்றிக்கொண்டிருந்தவள், அமாவாசைக்கு அமாவாசை மேட்னி தொடங்கி இரண்டாம் ஆட்டம்வரை மூன்று காட்சி பார்க்கிறவள். சினிமாவைப் பற்றி மனு என்றதும் சுற்றுவதை நிறுத்திவிட்டுத் தானாகக் கையை நீட்டினாள். மை தடவும்போது கேட்டாள்:

"எந்தக் கொட்டாயில ஓடுது?"

"ஓடக் கூடாதுன்னுதான் ஆயா இது."

அவள் விரலை எடுக்கவில்லை. காகிதத்தின்மேல் அழுத்தியபடியே நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்ப எப்பிட்ரா பாக்கிறது?"